கப்பம் கட்டியவர்கள்

1787இல் தாணே கோட்டைக்குள் புது வேலைக்காக மண்ணைத் தோண்டியவர்களுக்குச் சில செப்பேடுகள் அகப்பட்டன. போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கி, மராட்டியர் பிடித்து, 1774இல் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்த கோட்டை அது. இன்று தாணே மத்தியச் சிறை இருக்கும் இடம். ஜெனரல் கார்னாக் அந்தச் செப்பேடுகளைக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்குத் தெரிவித்தார். ராமலோசன பண்டிதர் சமஸ்கிருதத்தைப் படித்துப் பொருள் சொன்னார். 1788இல் வெளிவந்த 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியிலேயே அது அச்சேறியது. சிலாஹார மரபைச் சேர்ந்த அரிகேசரி என்ற அரசன் 1017இல், ஒரு சந்திர கிரகணத்தன்று, பிராமணர் ஒருவருக்குக் கொடுத்த நிலதானத்தின் ஆவணம் அது. அதே காலத்தில் காவிரிக்கரையில் ராஜேந்திரன் முடிசூடி மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

செப்பேடு கிடைத்து மூன்றே ஆண்டில், பூமியின் மறுபக்கத்தில், மெக்சிகோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில் சாக்கடை வேலைக்காகத் தோண்டினார்கள். 1790 ஆகஸ்ட் 13 அன்று பாம்புப் பாவாடை கட்டிய கோவாத்லிக்கே என்னும் தாய்த்தெய்வம் கல்லாக வெளியே வந்தாள். டிசம்பரில் சூரியக் கல் கிடைத்தது. சூரியக் கல்லைப் பேராலயத்துச் சுவரில் பதித்து வைத்தார்கள். கோவாத்லிக்கேயைப் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுபோய், பிறகு மறுபடி மண்ணுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். பூர்வகுடி மக்கள் அவளைப் பார்க்க வந்து வழிபடத் தொடங்கிவிட்டதுதான் காரணம். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய சிலைக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டிவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

இரண்டு கண்டெடுப்புகளுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு அரசுகளுக்கும் இல்லை. கொங்கணக் கரையின் சிலாஹாரர் மறைந்து அறுபது ஆண்டு ஆன பிறகுதான் மெஷிகர்கள் (ஆஸ்டெக் என்று உலகம் அழைக்கும் மக்கள்) தங்கள் நகரத்துக்கு முதல் கழி நட்டார்கள். ஆனாலும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நியாயம் உண்டு. இரண்டும் தண்ணீரோரத்தில் வளர்ந்தவை. இரண்டும் வேறொருவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டே தலையெடுத்தவை. எஜமான் விழுந்த அன்று, நேற்றுவரை கும்பிட்டவன் என்ன செய்கிறான் என்பதற்கு வரலாறு தரும் இரண்டு வெவ்வேறு பதில்கள் இவை.

மெஷிகர்கள் மெக்சிகோப் பள்ளத்தாக்குக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். நல்ல நிலமெல்லாம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. மரபு சொல்லும் 1325இல் அவர்களுக்கு மிஞ்சியது தெஷ்கோகோ ஏரியின் நடுவே கோரை மண்டிய ஒரு சேற்றுத் திட்டு. அதுவும் கரையில் இருந்த அஸ்காபொத்சால்கோ நகரத்துத் தெபானெக்கர்களின் ஆளுகைக்கு உட்பட்ட நீர். தவளை, மீன், நீர்ப்பறவை என்று ஏரி கொடுத்ததையெல்லாம் கப்பமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தெபானெக்கர்களின் போர்களில் கூலிப்படையாகச் சண்டையிட்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு இந்த வாழ்க்கை. வெட்டுப்பாறையைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஊரில் பிறந்தவன் கல் உடைக்கக் கற்றுக்கொள்வதுபோல, சேற்றில் வயல் போடக் கற்றுக்கொண்டார்கள். ஆழமில்லாத நீரில் கழிகளை நட்டு, மிலாறு பின்னி வேலி கட்டி, அடியிலிருந்து சேற்றை வாரி உள்ளே கொட்டி, ஓரங்களில் மரம் நட்டு வேர்பிடிக்க வைத்தார்கள். சினாம்பா என்ற இந்த மேட்டுப்பாத்திகளில் ஆண்டுக்குப் பல போகம் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் மிளகாயும் விளைந்தன. 'மிதக்கும் தோட்டம்' என்று பலர் எழுதுகிறார்கள், அவை மிதந்ததில்லை.

சிலாஹாரர்களின் தொடக்கமும் அடங்கி இருந்ததுதான். மான்யகேட்டத்து ராஷ்டிரகூடர்களின் கீழ் வட கொங்கணத்தைப் பார்த்துக்கொள்ளும் குறுநில மன்னர்களாக, கி.பி. 800 வாக்கில் அவர்கள் பெயர் தென்படுகிறது. போரிவலிக் காட்டுக்குள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளில் 843இல் வெட்டிய கல்வெட்டு, புல்லசக்தி என்ற சிலாஹாரன் ராஷ்டிரகூட அமோகவர்ஷனின் அருளால் கொங்கணத்தை ஆள்வதாகச் சொல்கிறது. பௌத்தத் துறவிகளுக்கான கொடை அது. பூரி என்ற ஊரைத் தலையாகக் கொண்ட ஆயிரத்து நானூறு கிராமங்கள் என்பது பின்வந்த சாசனங்கள் தம் நாட்டுக்குச் சொல்லும் கணக்கு. காலப்போக்கில் அதிகாரம் ஸ்தானகத்தில், அதாவது இன்றைய தாணேயில், நிலைகொண்டது.

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கலில் ஏறுகிற தமிழர் தாணே போய்ச் சேர்வதற்குள் இந்த அரசின் ஆவணக் கிடங்கு முழுவதையும் ஒரு சுற்றுக் கடந்துவிடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. அவருக்குப் பின்னால் விட்டுவந்த பரேலில் சிலாஹார அரசன் அபராதித்தனின் கல்வெட்டு கிடைத்தது. அதில் தோப்பு வருமானம் கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட மாவலி என்ற ஊர், குர்லா பக்கத்தில் இருந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். பாண்டுப்பில் இன்னொரு சிலாஹார அரசன் சித்தராஜனின் 1026ஆம் ஆண்டுச் செப்பேடு கிடைத்தது. தானம் கொடுத்த வயலின் மேற்கெல்லை ராஜபாதை என்று அதில் எழுதியிருக்கிறது. தாணே ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் நடந்தால் மாசுந்தா ஏரி. தலாவ்பாளி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கரையில் கோபினேஷ்வர் கோயில். மாலையில் படகுச் சவாரியும் பானிபூரியும். இந்த ஊரில் அறுபதுக்கு மேல் ஏரிகள் இருந்தன என்பார்கள். இப்போது அதில் பாதி தேறும். அருகிலேயே உப்புத்தண்ணீர்க் கழிமுகம். மெஷிகர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. தெஷ்கோகோ ஏரியின் கிழக்குப் பக்கம் உப்பு, மேற்கே நன்னீர். இரண்டும் கலக்காமலிருக்க நெசவால்கோயோத்தல் என்ற மன்னனின் பெயரில் சுமார் பதினாறு கிலோமீட்டர் அணை எழுந்தது. குடிநீர் சப்புல்தெபெக் குன்றிலிருந்து கால்வாயில் வந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளை பணக்காரனானதும் முதலில் தேடுவது பழைய தாத்தாக்களைத்தான். சிலாஹாரர்கள் தங்களை 'தகரபுரத்தின் தலைவர்' என்று சாசனம்தோறும் பட்டம் கட்டிக்கொண்டார்கள். தகரம் என்பது மராட்டிய உள்நாட்டில் இருக்கும் இன்றைய தேர். தாணேக்காரர்கள் அதை ஆண்டதற்குச் சான்று இல்லை. மெஷிகர்கள் பழம்பெரும் தோல்தெக் இரத்தம் வேண்டுமென்று, கூல்வாகான் நகரத்து உயர்குடிப் பெண்ணின் மகனான அகமாபிச்த்லியை முதல் அரசனாக்கினார்கள். சோழர் செப்பேடுகளில் சூரியனிலிருந்து இறங்கிவரும் பட்டியலைப் படித்தவர்கள் இதற்கெல்லாம் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

ஆனால் இரண்டு குலக்கதைகளையும் சேர்த்துப் படித்தால் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. சிலாஹாரர்கள் தங்களை ஜீமூதவாகனனின் வம்சம் என்றார்கள். ஹர்ஷரின் நாகானந்த நாடகத்தில் வரும் அதே வித்யாதர இளவரசன். கருடனுக்கு இரையாகப் பாறையில் கிடக்க வேண்டிய நாகத்துக்குப் பதிலாகத் தானே போய்ப் படுத்துக்கொண்டவன். அவர்கள் கொடியில் பொற்கருடன். மெஷிகர்களின் கதையிலும் கல் உண்டு, கழுகு உண்டு. போரில் கொல்லப்பட்ட கோபில் என்பவனின் இதயத்தை ஏரிக்குள் வீசினார்கள். அது விழுந்த இடத்தில் பாறைமேல் கள்ளி முளைத்தது. கள்ளியின்மேல் கழுகு உட்கார்ந்தது. அங்கே நகரம் கட்டச் சொல்லித் தெய்வ வாக்கு. கழுகின் வாயில் பாம்பு இருப்பது சில வடிவங்களில்தான். மெஷிகர்களைப் பற்றிய சித்திரச் சுவடியான மெந்தோசா சுவடியின் முதல் பக்கத்தில் பாம்பு இல்லை. ஒருவன் தன் உடலைக் கொடுத்த கதையில் ஒரு குலம் தன்னைக் கண்டுகொண்டது. இன்னொன்று எதிரியின் இதயத்தைப் பிடுங்கிய கதையில். கதையை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடுவது அபாயமான வேலை. ஜீமூதவாகனனின் பேரன்மாரும் அக்கம்பக்கத்தாரை வெட்டித்தான் நாட்டைப் பிடித்தார்கள்.

எஜமான் விழுந்த தருணத்துக்கு வருவோம். 1426இல் அஸ்காபொத்சால்கோவின் கிழட்டுச் சிங்கம் தெசோசோமோக் இறந்தான். மகன்கள் அடித்துக்கொண்டார்கள். மெஷிகர்களின் இத்ஸ்கோவாத்தல், தெஷ்கோகோவையும் த்லாகோபானையும் சேர்த்துக்கொண்டு 1428இல் பழைய எஜமானின் நகரத்தைத் தகர்த்தான். ஆஸ்டெக் பேரரசு என்று நாம் சொல்வது இந்த மூன்று நகரக் கூட்டணியைத்தான். வென்ற கையோடு அவன் செய்த காரியத்தைச் சாகுன் என்ற துறவி பதிவுசெய்திருக்கிறார்: பழைய சித்திரச் சுவடிகளைக் கொளுத்தினான். எல்லோரும் அவற்றை அறிந்திருப்பது நல்லதில்லை என்று அரசவை முடிவெடுத்ததாம். கப்பம் கட்டிய நூறு ஆண்டு அந்த நெருப்பில் போனது. பின்பு எழுதப்பட்ட வரலாற்றில் மெஷிகர்கள் ஆளவே பிறந்தவர்கள்.

தாணேயில் நடந்தது வேறு. 973இல் கல்யாணிச் சாளுக்கியன் தைலபன் கடைசி ராஷ்டிரகூடனான கக்கலனை வீழ்த்தினான். சிலாஹார அபராஜிதன் அதன்பின் தன்னிச்சையாகப் பட்டங்களைச் சூட்டிக்கொண்டான். மேலைக்கடலுக்கு அதிபதி என்பதும் அதில் ஒன்று. ஆனால் 997இல் அவன் கொடுத்த பாதானச் செப்பேட்டைப் பார்த்தால், தன் வம்சத்துக்கு முன்பாக ராஷ்டிரகூடர் வம்சாவளியை வரிசையாகச் சொல்கிறான். அவர்கள் ஆட்சி அழிந்ததை வருந்திக் குறிப்பிட்ட பிறகுதான் தன் குலத்துக்கு வருகிறான். செத்துப்போன எஜமானால் இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு ஆகப்போவது எதுவும் இல்லை. நன்றியுணர்ச்சி என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. சாளுக்கியனுக்குத் தலைவணங்காமலிருக்க, 'என் தலைவன் வேறொருவன், அவன் இறந்துவிட்டான்' என்பது கெட்டிக்காரத்தனமான வாதமும்கூட. எப்படியானாலும், அடங்கி இருந்ததை மறைக்கத் தோன்றவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நினைத்த அரசு அது.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது? துறைமுகத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. சோப்பாரா, தாணே, சேமுல்ய என்கிற சவுல், வடக்கே சஞ்சான் என்று கரையோரத் துறைகளில் வாழ்ந்தவர்களை அதட்டி வைக்க முடியாது. அவர்கள் கப்பலை அடுத்த துறைக்குத் திருப்பிவிடுவார்கள். 916இல் சவுலுக்கு வந்த அரபுப் பயணி அல் மசூதி, அங்கே ஏறத்தாழப் பத்தாயிரம் முஸ்லிம்கள் வாழ்வதாகவும், அவர்கள் வழக்குகளைத் தீர்க்க அவர்களிலேயே ஒருவரை அரசன் நியமித்திருப்பதாகவும் எழுதினார். அப்போதைய அரசன் ஜஞ்ஜன், ஒரு சிலாஹாரன். சஞ்சானில் ராஷ்டிரகூடன் மூன்றாம் இந்திரனுக்காக ஆண்டவர் மதுமதி என்று சாசனம் அழைக்கும் ஓர் அரேபியர். முகமது என்ற பெயரைத்தான் சமஸ்கிருதம் அப்படி வாங்கிக்கொண்டது. 926ஆம் ஆண்டுச் சிஞ்சணிச் செப்பேட்டில் அவர் செய்த தர்மங்கள் இருக்கின்றன. ஆற்றைக் கடக்கப் படகுத்துறை ஏற்படுத்தினார், வழிப்போக்கருக்கு நெல்லுச்சோறும் கறியும் நெய்யும் இலவசமாகப் போடும் சத்திரம் வைத்தார். பிராமணர் ஒருவர் கட்டிய மடத்துக்கு நிலம் கொடுக்கவும் இணங்கினார். நூறு ஆண்டு கழித்து, 1034இல், சித்தராஜனின் கீழிருந்த சாமுண்டராஜன் ஒரு செக்கை அதே ஊர் மடத்துக்கு எழுதிவைக்கிறான்: அம்மன் முன்னால் விளக்கெரிக்கவும், ஓதுகிற பிராமணர்களின் காலுக்குத் தடவவும் எண்ணெய். அந்தச் சாசனம் பெயர் சொல்லும் நகரத்தாரில் அல்லியன், மதுமதன் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

தாணேச் செப்பேடுகள் நகரமக்களை விளிக்கும்போது ஹம்யமனத்தார் என்றொரு கூட்டத்தைத் தனியாக அழைக்கின்றன. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் தமிழ் வாசகர்கள் சந்தித்திருக்கும் அஞ்சுவண்ணத்தின் உறவுதான் இது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கொல்லத்திலும் கொங்கணத்திலும் ஒரே வணிகக் குழுவினர் அரசனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 1094இல் சிலாஹார அனந்ததேவன் கொடுத்த காரேபட்டணச் செப்பேடு இன்னும் வெளிப்படை. பலிபட்டணத்துச் செட்டி மக்களான இரண்டு அமைச்சர்களின் வண்டிகளோ கலங்களோ ஸ்ரீஸ்தானகம், நாகபுரம், சூர்ப்பாரகம், சேமுல்ய ஆகிய துறைகளில் நுழைந்தால் சுங்கம் கிடையாது. அரசின் வருமானம் எங்கே இருந்தது என்பதை ஒரு விலக்கு ஆணை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மெஷிகர்களின் தலைநகர் தெனோச்தித்லானின் கணக்குப்புத்தகம் வேறுமாதிரி. மெந்தோசா சுவடியில் மாகாணம் மாகாணமாகக் கப்பப் பட்டியல் வரைந்திருக்கிறார்கள்: இத்தனை பருத்திப் போர்வை, இத்தனை மூட்டை மக்காச்சோளம், கொக்கோ, பறவை இறகு, போர்வீரர் உடை. சுமைவிலங்கும் வண்டியும் இல்லாத உலகம். அத்தனையும் மனித முதுகில் மலையேறி வந்தது. பருத்தியைக் குவித்த நகரத்திலேயே சாதாரணக் குடியானவன் பருத்தி உடுத்தக் கூடாது என்று சட்டம் இருந்ததாகத் துரான் என்ற துறவி எழுதுகிறார்.

அந்தச் சமூகத்தை வெறும் பலிபீடமாகச் சுருக்கிவிடுவதும் அநியாயம். கல்புல்லி என்ற வட்டாரக் குழு தன் ஆட்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. பையன்கள் எல்லோரும் பள்ளிக்குப் போக வேண்டும். உயர்குடிக்குக் கல்மெகாக், மற்றவர்களுக்குத் தெல்போச்கல்லி. அடிமையின் பிள்ளை அடிமையாகப் பிறப்பதில்லை. த்லாதெலோல்கோ சந்தையில் நாளொன்றுக்கு அறுபதாயிரம் பேர் கூடுவதாக ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தெஸ் தன் மன்னருக்கு எழுதினான். கொஞ்சம் ஊதியிருப்பான், ஆனாலும் சந்தை பெரியதுதான். அங்கே தப்பு எடை போட்டவனை விசாரிக்க நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். தொலைதூர வணிகர்களான போச்தேகாக்களுக்குச் சொந்த நீதிமன்றமே உண்டு. ஆனால் அவர்கள் லாபச் சரக்கோடு ஊருக்குள் இரவில்தான் நுழைவார்கள். செல்வத்தை மறைத்து, எளிய உடை உடுத்தி, போர்வீரக் குடிகளின் கண்ணில் படாமல் வாழ்ந்தார்கள். பலிபட்டணத்துச் செட்டி மகன் அமைச்சனாகித் தன் பெயரைச் செம்பில் வெட்டிக்கொண்டான். இந்த ஒரு வித்தியாசத்துக்குள் இரண்டு அரசுகளின் குணமும் இருக்கிறது.

சிலாஹாரர்களைத் தூக்கிப்பிடிக்க இவ்வளவும் சொல்லவில்லை. அவர்களின் செப்பேட்டில் பிராமணர், வணிகர், அதிகாரிகள் வரிசையாக வருகிறார்கள். உப்புப்பாத்தியில் நின்றவனும் வலை இழுத்த கோலி மீனவனும் வயல் உழுதவளும், தானம் கொடுக்கப்பட்ட நிலத்தோடு சேர்ந்து கைமாறியவர்களாகவே இருக்கிறார்கள். பரேல் கல்வெட்டைக் கிட்டத்தில் பார்த்தால் எஞ்சிய மயக்கமும் தெளிந்துவிடும். மேலே கோயிலுக்கான தானம், நல்ல சமஸ்கிருதம். முடிவில் மொழி மராட்டிக்கு இறங்குகிறது; இந்த ஆணையை மீறுபவனின் தாய்க்குக் கழுதையால் நேரும் கொடுமை என்று சாபம். கீழே அந்தக் காட்சியே சிற்பமாக. கழுதைக்கல் என்று கொங்கணம் முழுக்கச் சொல்வார்கள். நம் கல்வெட்டுகளில் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வரும். இங்கே சொத்தைக் காப்பாற்றும் அச்சுறுத்தல் ஒரு பெண்ணின் உடல்மேல் எழுதப்பட்டது. அந்தக் கல்வெட்டின் அபராதித்தனுடைய முன்னோன் முதலாம் அபராதித்தன்தான் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு அபரார்க்கம் என்ற புகழ்பெற்ற உரை எழுதியவன். காஷ்மீரப் பண்டிதர் சபைக்குத் தூதன் அனுப்பியவன். தர்மசாஸ்திர உரையும் கழுதைக்கல்லும் ஒரே அரண்மனையின் இரு கைகள்.

மெஷிகர்களின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எளிதில் மறக்கப்படுவது உப்பு. மெஷிகர்களுக்கு அடங்காத த்லாஷ்கலா நகரத்தைச் சுற்றி வணிகத்தை அடைத்துவிட்டார்கள். அந்த மக்கள் உப்பும் பருத்தியும் இல்லாமல் பல காலம் இருந்தார்கள். 1519இல் சில நூறு ஸ்பானியர் வந்தபோது, முதலில் அவர்களோடு சண்டையிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் சேர்ந்துகொண்டது அந்த உப்பில்லாத நகரம். 1520இல் பெரியம்மை. 1521 ஆகஸ்ட் 13இல் தெனோச்தித்லான் விழுந்தது. கப்பம் கட்டிய ஊர்கள் அழவில்லை. பழைய சுவடிகளை எரித்துவிட்டு எழுந்தவர்களுக்கு, தாங்களே எஜமானானபோது அடியில் இருப்பவன் என்ன நினைப்பான் என்பது மறந்துபோயிருந்தது. ஏரியையும் பிறகு ஸ்பானியர் வடித்தார்கள். இன்று மெக்சிகோ நகரம் அந்தச் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தாணேயின் முடிவு அவ்வளவு பெரிய சத்தமில்லாதது. 1265 வாக்கில் தேவகிரி யாதவன் மகாதேவன் யானைப்படையோடு கொங்கணத்துக்குள் இறங்கினான். தரையில் தோற்ற கடைசிச் சிலாஹாரன் சோமேஷ்வரன் கப்பலேறினான். யாதவர் கடலிலும் துரத்தினார்கள். யாதவ அமைச்சர் ஹேமாத்ரியின் புகழுரை, மகாதேவனின் கோபத்தீயைவிடக் கடலுக்குள் இருக்கும் தீயே மேல் என்று சோமேஷ்வரன் மூழ்கினான் என்கிறது. போரிவலி பக்கத்து ஏக்சரில் நிற்கும் வீரகற்களில் கடற்போர் செதுக்கப்பட்டிருக்கிறது: மூக்கு நீண்ட கலங்கள், ஒரே வரிசையாகத் துடுப்பு, மேலே வில்லாளிகள், மேலடுக்குகளில் மாண்டவன் சிவலிங்கத்தின் முன். இந்தப் போர்தான் அது என்று ஒரு கட்சி. வேறு போர் என்று இன்னொரு கட்சி. நடுகல் பார்த்துப் பழகிய தமிழருக்குக் கல்லில் கப்பலைப் பார்ப்பது புதிது.

அரசன் மூழ்கினான், துறைமுகம் மூழ்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மார்கோ போலோ 'தானா' அரசைப் பற்றி எழுதுகிறார்: தோலும் பருத்தியும் ஏற்றுமதி, ஏராளமான கப்பல்கள். கடற்கொள்ளையரோடு அரசனுக்கு ஓர் ஒப்பந்தமும் உண்டு, பிடிபடும் குதிரைகள் அரசனுக்கு, மீதிச் சரக்கு அவர்களுக்கு. சிலாஹார மும்முணியின் காலத்து 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கிய அம்பர்நாத் சிவன் கோயிலில், இன்று தொழிற்சாலைக் கழிவு ஓடும் வால்துனி ஓடைக்கரையில், பூசை நடக்கிறது. கருவறைக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும். சோமேஷ்வரன் மறைந்து ஏழே ஆண்டில், 1272இல், யாதவ ராமச்சந்திரனின் அதிகாரி அச்யுத நாயக்கன் ஒரு செப்பேடு கொடுக்கிறான். அதுவும் தாணேயில்தான் கிடைத்தது. கொங்கணத்து சாஷ்டியில் வௌல என்ற கிராமம் முப்பத்திரண்டு பிராமணர்களுக்குத் தானம். கோட்பந்தர் சாலையில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கும் ஓவ்ளாதான் அந்த ஊர் என்கிறார்கள்.